இருமல் எத்தனை நாளாக, எந்த நேரத்தில்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரையும் பிபியும் உண்டு. ஆறு வாரமாக இருமல், இரவில் கூடுதல், காலையில் கொஞ்சம் சளி. மருந்துக் கடையில் நான்கு விதமான சிரப் வாங்கிக் கொடுத்தாயிற்று, ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கும் முடிந்தது. காய்ச்சல் இல்லை. தெருவில் பாதிப் பேர் இருமுவதால் "பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். அப்படியே விடலாமா என்று கேட்கிறீர்கள்.

விட வேண்டாம். இந்த வாரமே சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏன் இந்த இரண்டும் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன். நெஞ்சக நோய்ப் பிரிவில் பல வருடம் புறநோயாளிகளைப் பார்த்தவள் நான். அங்கே நாள் முழுக்கக் கேட்கும் சத்தமே இருமல்தான். அத்தனை இருமலையும் பிரித்தறிய எனக்கு அதிகம் உதவியவை இரண்டே கேள்விகள்: எத்தனை நாளாக? எந்த நேரத்தில்? விலை உயர்ந்த ஸ்கேன் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஒன்று. இருமல் என்பது நோய் இல்லை, அது ஒரு காவல். குரல்வளை, மூச்சுக்குழாய், அது இரண்டாகப் பிரியும் இடம், இங்கெல்லாம் நரம்பு நுனிகள் விழித்துக்கொண்டே இருக்கின்றன. தூசியோ சளியோ சோற்றுப் பருக்கையோ பட்டால் வேகஸ் நரம்பு வழியாக மூளைத் தண்டுக்குச் செய்தி போகிறது. நாம் மூச்சை இழுக்கிறோம், குரல்வளை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மூடிக்கொள்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, பிறகு வெடித்துத் திறக்கிறது. புரையேறும்போது நம்மைக் காப்பாற்றுவது இதுதான். இதே நரம்பின் கிளைகள் உணவுக்குழாய்க்கும் காதுக்குள்ளும்கூடப் போகின்றன. பட்ஸ் விட்டுக் காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். ஆகவே இருமல் வந்தால் நுரையீரலில்தான் கோளாறு என்று முடிவு கட்ட முடியாது. மூக்கிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இதயத்திலிருந்தும் வரலாம், விழுங்கிய மாத்திரையிலிருந்தும் வரலாம்.

இப்போது நாள் கணக்குக்கு வருவோம். பெரியவர்களுக்கு மூன்று வாரம் வரை இருந்தால் குறுகிய கால இருமல். மூன்றிலிருந்து எட்டு வாரம் வரை நடுத்தரம். எட்டு வாரம் தாண்டினால் நாள்பட்ட இருமல். குழந்தைகளுக்கு நான்கு வாரம் தாண்டினாலே நாள்பட்டது என்று எடுத்துக்கொள்வோம்.

முதல் வகையில் பெரும்பாலானவை வைரஸ் சளி. ஐப்பசி மழையில் தொடங்கி மார்கழிப் பனி வரைக்கும் வீட்டுக்கு வீடு சுற்றுவது இதுதான். பனி நேரடியாக இருமலை உண்டாக்குவதில்லை. அந்த மாதங்களில் வைரஸ்கள் அதிகம் பரவுகின்றன, நாமும் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் படுக்கிறோம். இதில் மக்கள் செய்யும் பெரிய தவறு நாள் கணக்குதான். சாதாரண இருமல் எத்தனை நாளில் நிற்கும் என்று அமெரிக்காவில் மக்களிடம் கேட்டபோது ஏழிலிருந்து ஒன்பது நாள் என்றார்கள். ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உண்மையான சராசரி கிட்டத்தட்ட 18 நாள். இந்தப் பத்து நாள் வித்தியாசத்தில்தான் தேவையில்லாத ஆன்டிபயாடிக்குகள் விற்கப்படுகின்றன. ஏழாம் நாள் பொறுமை போகிறது, பத்தாம் நாள் மாத்திரை வாங்குகிறோம், பதினெட்டாம் நாள் தானாகவே நின்ற இருமலுக்கு மாத்திரைக்குப் பெயர் கிடைக்கிறது.

"சளி பச்சையாக வருகிறது டாக்டர், கிருமிதானே?" என்று கேட்காத ஆளே இல்லை. நம் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடும்போது அவற்றுக்குள் இருக்கும் பச்சை நிற நொதி ஒன்று வெளிவருகிறது. அதன் நிறம்தான் சளியில் தெரிகிறது. வைரஸ் வந்தாலும் அதே பச்சைதான். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதக் கூடாது. ரத்தம் கலந்து வந்தால் கதையே வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று வாரம் தாண்டியும் நீடிக்கும் இருமலில் கணிசமானவை, வைரஸ் போன பிறகும் நரம்பு நுனிகள் புண்பட்டு உணர்வு கூடிப்போனதால் வருபவை. பேசினால் இருமல், சிரித்தால் இருமல், குளிர்ந்த காற்று பட்டால் இருமல். கோவிட்டுக்குப் பிறகு இதைப் பலர் அனுபவித்திருப்பீர்கள். நாளாக நாளாகத் தானே அடங்கும். இந்தக் கால அளவில் மறந்துவிடக் கூடாத இன்னொன்று கக்குவான். குழந்தைகளுக்கு விடாமல் இருமி, கடைசியில் "ஊப்" என்று மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும். தடுப்பூசி போட்டுப் பல வருடம் ஆன பெரியவர்களுக்கு அந்தச் சத்தம் வராது, வாந்தி வரும்வரை இருமுவதோடு நிற்கும். அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அவர்களிடமிருந்து தடுப்பூசி போடாத கைக்குழந்தைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் யாருக்காவது இருமல் நீண்டால் ஒதுங்கியிருப்பது அவசியம். 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

உலகப் பாடப் புத்தகங்கள் சொல்லும் மூன்று வாரம், எட்டு வாரக் கணக்கில் நம் நாட்டுக்கென்று ஒரு திருத்தம் இருக்கிறது. இந்தியாவில் இரண்டு வாரம் இருமல் என்றாலே காசநோய்க்குப் பரிசோதனை செய்ய வேண்டும். உலகத்தின் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்தியர் என்பதால் வந்த விதி அது. உங்கள் அம்மா அந்த இரண்டு வாரத்தை மூன்று மடங்கு தாண்டிவிட்டார். அதோடு சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு, மூன்று மடங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. இந்த இரண்டு நோயும் ஒரே வீட்டில் சந்திப்பதுதான் எங்களைத் தூங்கவிடாத விஷயம்.

காய்ச்சல் இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க வீடு வீடாகப் போய் ஒரு காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. அதில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தப்பிப் போயிருப்பார்கள். இருமல் மாதிரி அறிகுறி இருந்தவர்களிலும் 64 சதவீதம் பேர் மருத்துவரிடம் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்றதற்கு மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னது "பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்பதுதான். பணம் இல்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலர். "பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று உங்கள் தெருவில் சொல்கிறார்களே, அந்த வாக்கியத்தின் விலை இது.

நீங்கள் கொடுத்த ஆன்டிபயாடிக் என்ன என்றும் பாருங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசக் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், சளியில் கிருமி தெரியாமல் போகலாம், கண்டுபிடிப்பு பல வாரம் தள்ளிப்போகும். கடையில் வாங்கிப் போடும் மாத்திரை வீண் செலவு மட்டும் இல்லை, கெடுதலும்தான் என்று நான் சொல்வது இதனால்.

பரிசோதனை இப்போது எளிது. அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு டப்பா கொடுப்பார்கள். காலையில் எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியாக இருக்க வேண்டும், எச்சில் உதவாது. சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். காசநோய் என்றே வந்தாலும் வழக்கமாக ஆறு மாத சிகிச்சை, மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள்.

இங்கே சென்னைக்கு ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரு காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தாக வேண்டும். வீட்டில் வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்கினார்கள். 1956இல் சென்னையில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது, இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அது. அங்கே ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவர்களுடைய நெருக்கமான வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது: மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது, கூட இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. வீட்டிலிருந்தே சிகிச்சை எடுக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது இந்த ஊரிலிருந்துதான். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் மகளின் கல்யாணம் தடைப்படும் என்று ரிப்போர்ட்டை மறைக்கும் அம்மாக்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

சரி, எக்ஸ்ரேயும் சளியும் நன்றாக இருக்கிறது என்று வந்தால்? அப்போதுதான் மாத்திரைப் பை.

என் சித்தி ஒருத்தி ஐந்து மாதம் இருமினார். தொண்டையில் யாரோ இறகால் வருடுவது போல இருக்கிறது என்பார். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். மூன்று மருத்துவரிடம் காட்டினார்கள், ஸ்கேன்கூட எடுத்தார்கள். அப்போது பயிற்சி மருத்துவராக இருந்த நானும் ஒரு சிரப்பைத்தான் சொன்னேன். கடைசியில் ஒரு வயதான மருத்துவர் கேட்ட கேள்வி: "பிபிக்கு என்னம்மா சாப்பிடுறீங்க?" எனலாப்ரில். அதை மாற்றிக் கொடுத்தார், மூன்றாவது வாரம் இருமல் இல்லை. அந்தக் கேள்வியை நான் அதற்கப்புறம் ஒருவரிடமும் கேட்காமல் விட்டதில்லை.

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று "ப்ரில்" என முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள் நல்ல மாத்திரைகள்தான், இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பவை. ஆனால் இவை பிராடிகினின் என்ற பொருளை உடலில் சேரவிடுகின்றன, அது மூச்சுக்குழாய் நரம்பை உறுத்துகிறது. சிலருக்கு, அதுவும் பெண்களுக்கு அதிகமாக, வறட்டு இருமல் வரும். மாத்திரை தொடங்கிய வாரமே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. நிறுத்தினால் பொதுவாக ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் போகும், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். நீங்களாக நிறுத்தவே கூடாது. லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாற்று இருக்கிறது, மருத்துவர் மாற்றித் தருவார். அம்மாவுக்கு இரவில்தான் அதிகம், சளியும் வருகிறது என்பதால் மாத்திரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்காமல் விடக் கூடாது.

இங்கே நேரக் கணக்கு வருகிறது. நள்ளிரவு தாண்டி விடியற்காலை நான்கு மணிக்குள் எழுப்பிவிடும் இருமல் என்றால் என் மனம் முதலில் ஆஸ்துமாவுக்குப் போகும். ஆஸ்துமா என்றால் மூச்சிரைக்க வேண்டும், வீசிங் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம். இருமல் மட்டுமே ஆஸ்துமாவின் ஒரே அடையாளமாக இருப்பதும் உண்டு. மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்து, இன்ஹேலர் கொடுத்தால் பல வருட இருமல் சில வாரங்களில் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்ஹேலர் என்றதும் "அது பழகிவிடும், கடைசி மருந்து" என்று பயந்து சிரப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் இன்ஹேலரில் போகும் மருந்து மில்லிகிராமில் சிறு பங்கு, நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. உலகத்தில் ஆஸ்துமா உள்ளவர்களில் எட்டில் ஒருவர்தான் இந்தியர், ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்தியர்கள். நோய் இங்கே கொடியது என்று அர்த்தமில்லை, மருந்து உரிய ஆளிடம் போய்ச் சேரவில்லை, சேர்ந்தாலும் பயத்தில் ஒதுக்கப்படுகிறது.

இரவு இருமலுக்கு நம் பக்கத்தில் இன்னொரு பழைய காரணமும் உண்டு. "எனக்கு ஈசினோபீலியா" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல் எப்படி நம் வீட்டுச் சொல்லாக ஆனது தெரியுமா? ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் சில நோயாளிகள் காசநோய் போலவே இருமினார்கள், எடை குறைந்தது, ஆனால் சளியில் கிருமி இல்லை, ரத்தத்தில் மட்டும் ஈசினோபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் ஏராளம். அங்கிருந்த மருத்துவர்கள் ஃப்ரிமோட் மொல்லரும் பார்ட்டனும் 1940இல் இதை எழுதினார்கள். பின்னால்தான் இது யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக நுரையீரல் காட்டும் மிகையான எதிர்ப்பு என்று தெரிந்தது. மூன்று வாரம் டைஎத்தில்கார்பமசின் என்ற புழு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் இதற்கு ஈசினோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3000க்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் 7 சதவீதம், 8 சதவீதம் என்று வந்ததும் ஈசினோபீலியா என்று பெயர் வைத்துக்கொள்வது தவறு. சாதாரண அலர்ஜிக்கும் குடற்புழுவுக்கும்கூட அவ்வளவு ஏறும்.

படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருமி எழுந்து உட்கார்ந்து, உட்கார்ந்தால் சரியாகிறது, கால் வீக்கமும் இருக்கிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். சர்க்கரையும் பிபியும் உள்ளவரிடம் இதைக் கேட்டே தீர வேண்டும். அம்மா இப்போது எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கவனியுங்கள். சாப்பிட்டதும் இருமல், குனிந்தால் இருமல், புளித்த ஏப்பம் என்றால் வயிற்று அமிலம் மேலேறுகிறது. இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தாலே பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரிகிறது என்பது என் அனுபவம். காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமிச் செருமிச் சளியைத் துப்பும் இருமல் என்றால் மூக்கின் பின்வழியாக ஒழுகும் சளியாக இருக்கலாம், புகைபிடிப்பவர் என்றால் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தூங்கும்போது மட்டும் முழுக்க நின்றுவிடும் இருமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சில நேரம் வரும். அது பழக்கமாகிப்போன இருமல். அடிப்பதாலும் திட்டுவதாலும் போகாது, மனதுக்கு ஆறுதலும் மூச்சுப் பயிற்சியும் வேண்டும்.

புகை என்றதும் பீடி சிகரெட்டை மட்டும் நினைக்காதீர்கள். நாள்பட்ட இருமலோடு வரும் கிராமத்துப் பெண்கள் பலர் வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொட்டதில்லை. முப்பது வருடம் விறகடுப்பில் ஊதாங்குழலை வைத்து ஊதியவர்கள். அவர்களுடைய மூச்சுக்குழாய், புகைபிடிக்கும் ஆணின் மூச்சுக்குழாய் மாதிரியே சுருங்கியிருக்கிறது. 2016க்குப் பிறகு காஸ் இணைப்பு நிறைய வீடுகளுக்கு வந்தது நல்லது. ஆனால் சிலிண்டர் விலை ஏறும்போது வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். நகரத்திலோ கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிய வெளியிடும் நுண்துகள், ஆய்வு செய்த சுருள்களில், 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு இருந்தது. ஜன்னலை மூடிக் கட்டிலுக்கடியில் அதை வைத்துவிட்டுக் குழந்தைக்கு ஏன் இருமல் என்று கேட்கிறோம். கொசுவலை வாங்குங்கள்.

தொழிலையும் கேட்க வேண்டும். பஞ்சாலையில் பஞ்சைப் பிரிக்கும் பகுதியில் வேலை செய்பவருக்கு ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள்கிழமை போனதும் நெஞ்சு இறுகி இருமல் வரும், வாரக் கடைசியில் குறையும். பஞ்சுத் தூசி நோயின் முத்திரை அந்தத் திங்கள்கிழமை. கல் குவாரியிலும் கல் உடைக்கும் இடத்திலும் சிலிக்கா தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், அவர்களுக்குக் காசநோயும் எளிதில் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி முழுக்கப் புறா எச்சம் என்றால் அதுவும் காரணமாகலாம்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பல நாட்டு இருமல் சிகிச்சை மையங்களுக்கு வந்த பத்தாயிரம் பேரைக் கணக்கெடுத்தபோது மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், வயதில் அறுபதுகளில் இருப்பவர்களே அதிகம். பெண்களின் இருமல் நரம்பு இயல்பிலேயே கூடுதல் உணர்வு கொண்டது. இருமும்போது சிறுநீர் கசிகிறது என்பதை அவர்கள் மருத்துவரிடமும் சொல்வதில்லை, மகனிடமும் சொல்வதில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்துவார்கள், பஸ் பயணத்தை நிறுத்துவார்கள், வெளியே போக விருப்பமில்லை என்பார்கள். உங்கள் அம்மாவிடம் உங்கள் மனைவியோ அக்காவோ தனியாகக் கேட்டுப் பார்க்கட்டும். அதற்கும் பயிற்சி இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது.

நான்கு சிரப் வாங்கினேன் என்றீர்களே, அவற்றின் லேபிளைப் படித்துப் பாருங்கள். ஒரே பாட்டிலில் இருமலை அடக்கும் மருந்து, சளியை வெளியேற்றும் மருந்து, தூக்கம் தரும் அலர்ஜி மருந்து மூன்றும் இருக்கும். ஒன்று இருமாதே என்கிறது, இன்னொன்று இருமித் துப்பு என்கிறது. தூக்கம் வருவதைத்தான் நாம் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். பலவற்றில் சர்க்கரையும் உண்டு, அம்மாவுக்கு அது வேறு பிரச்சினை. குழந்தைகளுக்கோ இன்னும் கவனம் வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், இருபதுக்கும் மேல். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுக் கரைப்பான் இருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. அந்தக் குழந்தைகளில் பலருக்கு இருந்தது தானாகவே சரியாகியிருக்கக்கூடிய சாதாரணச் சளி. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல் சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று இருமல் பிடித்து விடாமல் இருந்தால் நிலக்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது, அதனால் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

அப்படியானால் கைவைத்தியம்? தாராளமாக. ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஒரு வயதுக்குள் கொடுக்கக் கூடாது, அரிதாகக் கொடிய நச்சு நோய் வரும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அளவோடு. ஆடாதோடையை ஆடு தொடாது, ஆனால் மருந்து உலகம் தொட்டது: அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவானதுதான் ப்ரோம்ஹெக்சின், 1960களிலிருந்து உலகம் முழுக்கச் சளி மருந்தாக இருக்கிறது. அம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. பாட்டி சொன்னது வெறும் நம்பிக்கை இல்லை. அதிமதுரத்தில் மட்டும் ஜாக்கிரதை, தினமும் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிபி உள்ள அம்மாவுக்கு அது வேண்டாம். இரண்டு வாரம் வரைக்கும் கற்பூரவள்ளியும் தூதுவளை ரசமும் சரி. அதற்கு மேல் அவற்றோடு சேர்த்துப் பரிசோதனையும் வேண்டும்.

சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், எடை இறங்குவது, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, குரல் கம்மிப்போய்த் திரும்பாதது, பல வருடம் புகைபிடித்தவருக்கு வழக்கமான இருமலின் தன்மையே மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் வாரக்கணக்கு பார்க்காமல் உடனே போக வேண்டும்.

அம்மா விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். திங்கள்கிழமை காலை பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிக்கு டப்பா வாங்குங்கள், எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு இருமல் எழுப்புகிறது, படுத்ததும் வருகிறதா, சாப்பிட்டதும் வருகிறதா, எத்தனை தலையணை, பிபி மாத்திரையின் பெயர் என்ன, எந்த மாதம் தொடங்கினார். வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்ளட்டும். முடிவு வந்ததும் மாத்திரையின் பெயரோடு இங்கேயே எழுதுங்கள், அடுத்து என்ன என்று சொல்கிறேன்.